ஏட்டில் தெளிந்த தண்ணீர்

அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்கு மாதாந்திர முன்னேற்ற அறிக்கை என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஒரு கட்டத்தில் இலக்கு, பக்கத்துக் கட்டத்தில் சாதனை, கடைசியில் சதவீதம். இத்தனை ஏக்கர், இத்தனை பயனாளிகள், இத்தனை லட்சம் செலவு என்று செய்த வேலையை அந்த அட்டவணை ஒழுங்காகச் சொல்லிவிடும். அந்த வேலையால் என்ன விளைந்தது என்று கேட்டால், அதற்கு அதில் கட்டம் இருக்காது.

இந்தக் குறை நம் ஊருக்கு மட்டும் சொந்தமானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகு அந்த எண்ணம் மாறியது. விவசாய நிலங்களிலிருந்து அந்த விரிகுடாவுக்குப் போகும் அழுக்கைக் குறைக்க 40 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே முயற்சி நடக்கிறது. அந்த முயற்சியைப் பற்றி அரசு எழுதிவந்த அறிக்கைகளுக்கென்றே ஒரு தனிச் சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

சிறிய பாத்திரம், பெரிய கூரை

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், வாஷிங்டன் நகரத்துக்குப் பக்கத்தில், சுமார் 320 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்துக்குள் நுழைந்து கிடக்கிறது செசபீக் விரிகுடா. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் கழிமுகம் அது. அந்த நாட்டிலேயே மிகப் பெரியது. நீளம் அவ்வளவு இருந்தாலும் சராசரி ஆழம் ஆறரை மீட்டர்தான்.

ஆனால் அதற்குள் வடியும் நிலப்பரப்போ சுமார் 1,66,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும். நியூயார்க், பென்சில்வேனியா, மேரிலாந்து, டெலவேர், வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா என்று 6 மாநிலங்களில் பெய்யும் மழையில் ஒரு பங்கு, தலைநகரம் வாஷிங்டனின் மழையோடு சேர்ந்து, இங்கேதான் வந்து விழுகிறது. பெரிய கூரையின் தண்ணீர் முழுவதும் ஒரு சின்னப் பாத்திரத்தில் வடிவது போல. கூரையில் என்ன கிடந்தாலும் பாத்திரத்தில் தெரியும். விரிகுடாவுக்கு வரும் நன்னீரில் பாதியைக் கொண்டுவருவது சஸ்குவெஹானா ஆறு. அது பென்சில்வேனியாவின் பண்ணை நிலங்களைக் கழுவிக்கொண்டு வருகிறது.

ஒரு காலத்தில் நீல நண்டுக்கும் சிப்பிக்கும் வரிக்கோடு போட்ட ராக்ஃபிஷ் மீனுக்கும் பேர் போன இடம் இது. இந்த நீரை நம்பிப் பிழைப்பவர்களை அங்கே 'வாட்டர்மென்' என்றே அழைக்கிறார்கள். அப்பன், பாட்டன் காலத்துத் தொழில். இப்போது சிப்பி வளம் பழைய அளவில் ஓரிரு சதவீதம்தான் மிச்சம். அளவுக்கு மீறி அள்ளியது ஒரு காரணம், நோய் ஒரு காரணம், தண்ணீர் கெட்டது ஒரு காரணம்.

தண்ணீர் எப்படிக் கெட்டது? விஷத்தால் என்று பலரும் நினைப்போம். இங்கே கதை வேறு. பயிருக்கு உணவான நைட்ரஜனும் பாஸ்பரஸும் அளவுக்கு மீறித் தண்ணீரில் சேர்ந்தன. வயலில் நெல்லை வளர்க்கும் அதே சத்து, தண்ணீரில் பாசியை வளர்க்கும். பாசி பெருகினால் வெளிச்சம் அடிக்குப் போகாது; நீரடியில் வளரும் புல் செத்துவிடும். நண்டுக்குஞ்சுகளும் மீன்குஞ்சுகளும் ஒளிந்து வளர்வது அந்தப் புல்லில்தான். பிறகு பாசியும் மடிந்து அடியில் படியும். அதை அழுக வைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். கோடையில் விரிகுடாவின் ஆழமான பகுதிகளில் உயிர்கள் மூச்சுவிட முடியாத நிலை வரும். 'செத்த மண்டலம்' என்று அதற்குப் பெயர்.

குழாய் இல்லாத அழுக்கு

நகரத்துச் சாக்கடை, வாகனப் புகை, தெருவில் ஓடும் மழைநீர் என்று சத்து சேரும் வழிகள் பல. அவற்றில் பெரியது விவசாயம். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தில் கறவை மாடுகள் நெருக்கமாக வளர்க்கப்படுகின்றன. விரிகுடாவின் கிழக்குப் பக்கத்து டெல்மார்வா தீபகற்பத்தில் கோடிக்கணக்கில் கறிக்கோழிகள். தீவனத்தில் பெரும்பங்கு வெளியூரிலிருந்து வருகிறது. பாலும் கறியும் வெளியூருக்குப் போகின்றன. சாணமும் கோழி எருவும் அந்த மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. பயிருக்கு வேண்டியதைவிட எரு அதிகம். மிஞ்சியது மழையோடு ஓடைக்கும், மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீருக்கும் போகிறது.

சாக்கடைக்கு ஒரு குழாய் உண்டு. குழாயின் வாயில் ஒரு பாட்டிலைப் பிடித்தால் எவ்வளவு அழுக்கு என்று அளந்துவிடலாம். மீறினால் அபராதம் போடலாம். 1972ஆம் ஆண்டு அமெரிக்கா இயற்றிய தூய நீர்ச் சட்டம் அப்படித்தான் குழாய்களைப் பிடித்தது. வயலில் குழாய் கிடையாது. மழை பெய்தால் எல்லாப் பக்கமும் வழியும். வயலிலிருந்து வழியும் மழைநீருக்கு அந்தச் சட்டம் விலக்கும் கொடுத்துவிட்டது. ஆகவே விவசாயியிடம் அதிகாரம் பேச முடியாது. கேட்டுக்கொள்ளலாம், மானியம் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

அறிக்கையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அளக்க முடியாத ஒன்றைக் குறைத்துவிட்டோம் என்று அரசு எப்படிச் சொல்வது?

ஒரு பக்க ஒப்பந்தம்

1972 ஜூன் மாதம் ஆக்னஸ் புயல் வந்து விரிகுடாவில் மண்ணையும் வெள்ளத்தையும் கொட்டிவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு மேரிலாந்தின் செனட்டர் சார்ல்ஸ் மத்தாயஸ் விரிகுடாவைச் சுற்றிவந்து மக்களிடம் குறை கேட்டார். அவர் முயற்சியால் நாடாளுமன்றம் 2 கோடியே 70 லட்சம் டாலர் ஒதுக்கி ஒரு பெரிய ஆய்வை நடத்தியது. பல ஆண்டுகள் நடந்த அந்த ஆய்வுதான் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது.

1983 டிசம்பரில் மேரிலாந்து, வர்ஜீனியா, பென்சில்வேனியா கவர்னர்களும் வாஷிங்டன் மேயரும் மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் செசபீக் ஆணையத் தலைவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒரே பக்கம். சேர்ந்து வேலை செய்வோம் என்பதைத் தவிர அதில் எண் எதுவும் இல்லை.

எண் வந்தது 1987இல். விரிகுடாவுக்குள் வரும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் 2000ஆம் ஆண்டுக்குள் 40 சதவீதம் குறைப்போம் என்று புதிய ஒப்பந்தம் சொன்னது. கணக்கின் தொடக்கம் 1985. கேட்க நன்றாக இருந்தது. பின்னர் அதற்கு ஒரு விளக்கம் சேர்ந்தது. 40 சதவீதம் என்பது மொத்தத்தில் இல்லையாம், 'கட்டுப்படுத்தக்கூடிய' அளவில்தானாம். காற்றிலிருந்து விழுவது சேராது. ஒப்பந்தத்தில் இல்லாத நியூயார்க், டெலவேர், மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வருவது சேராது. இப்படிக் கழித்துக் கட்டிய பிறகு, மொத்த வரவில் குறைய வேண்டியது 40ஐவிட வெகுவாகச் சிறுத்துப்போனது. பொதுமக்கள் மனதில் மட்டும் 40 அப்படியே நின்றது. தண்ணீருக்குக் கட்டுப்படுத்தக்கூடிய நைட்ரஜன், கட்டுப்படுத்த முடியாத நைட்ரஜன் என்ற பாகுபாடு தெரியாது. பாசிக்கும் தெரியாது.

கணினிக்குள் ஒரு விரிகுடா

சரி, குறைந்ததா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, ஆற்றில் இறங்கி அளப்பது. அமெரிக்க நிலவியல் ஆய்வகம் அதைச் செய்துவந்தது. ஆனால் மழை அதிகமான ஆண்டில் அழுக்கு அதிகம் வரும். வறண்ட ஆண்டில் குறையும். ஓராண்டு எண்ணை வைத்துக்கொண்டு விவசாயி திருந்தினார், திருந்தவில்லை என்று சொல்ல முடியாது. பல ஆண்டு அளவீடுகளைச் சேர்த்து, மழையின் பங்கைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கணினி மாடல். ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் அனுப்பும். அறுவடைக்குப் பின் வெற்று நிலத்தில் சத்தைப் பிடித்து வைக்க ரையோ கோதுமையோ மூடுபயிராக இத்தனை ஏக்கர் விதைத்தோம். மாடு ஓடைக்குள் இறங்காமல் இத்தனை தூரம் வேலி போட்டோம். ஓடைக்கரையில் இத்தனை ஏக்கர் மரம் நட்டோம். சாணத் தொட்டி இத்தனை. உர மேலாண்மைத் திட்டம் எழுதிய நிலம் இத்தனை. இவை ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் அழுக்கைத் தடுக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் ஓர் எண் வைத்திருப்பார்கள். மாடல் இரண்டையும் பெருக்கி, சராசரி மழை பெய்யும் ஆண்டில் விரிகுடாவுக்கு வரும் சத்து இவ்வளவு என்று சொல்லும்.

மாடலைக் குறைசொல்வது எளிது. ஆனால் இந்தச் செயலைச் செய்தால் இவ்வளவு பலன் கிடைக்கக்கூடும் என்று திட்டம் போட அது இல்லாமல் முடியாது. பணத்தை எந்த மாவட்டத்தில் செலவிடுவது என்று தீர்மானிக்கவும் அது வேண்டும். சிக்கல் மாடலில் இல்லை, அதன் விடையை எந்தக் கேள்விக்குப் பதிலாக அச்சிட்டார்கள் என்பதில் இருந்தது. 'இத்தனை வேலை செய்திருக்கிறோம், எல்லாம் சரியாக நடந்தால் இவ்வளவு குறைய வேண்டும்' என்பதுதான் மாடலின் விடை. அறிக்கையில் அது 'இவ்வளவு குறைந்துவிட்டது' என்று ஆனது.

எல்லாம் சரியாக நடக்குமா? சோதனை வயலில் பார்த்துப் பார்த்து விதைத்த மூடுபயிர் தடுக்கும் அளவும், விவசாயி தாமதமாக, குளிர் இறங்கிய பிறகு விதைத்த மூடுபயிர் தடுக்கும் அளவும் ஒன்றாகாது. வேலி அறுந்துபோகும். உர மேலாண்மைத் திட்டம் என்பது காகிதம். அதில் எழுதியபடி எரு போட்டாரா என்பது வேறு விஷயம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

வெள்ளை ஷூ

அறிக்கைகள் இப்படி வந்துகொண்டிருந்த காலத்தில், மேரிலாந்தில் ஒருவர் தன் சொந்த முறையில் தண்ணீரை அளந்துகொண்டிருந்தார். பெயர் பெர்னி ஃபவுலர். விரிகுடாவில் சேரும் பட்டக்சென்ட் ஆற்றங்கரையில் வளர்ந்தவர். இளமையில் மார்பளவு தண்ணீரில் நின்று நண்டு பிடிக்கும்போது தன் பாதம் தெளிவாகத் தெரிந்தது அவருக்கு நினைவிருந்தது. 1970களில் மாவட்ட நிர்வாகப் பொறுப்பில் இருந்தபோது, மேலே இருக்கும் ஊர்களின் சாக்கடை ஆற்றைக் கெடுக்கிறது என்று தென் மேரிலாந்து மாவட்டங்கள் அரசின் மேல் வழக்குப் போட்டதில் முன்னின்றவர் அவர். பிறகு மாநில செனட்டர் ஆனார்.

1988இலிருந்து ஆண்டுதோறும் ஜூன் மாதம் அவர் ஆற்றில் இறங்குவார். காலில் வெள்ளை கான்வாஸ் ஷூ. ஊர் மக்கள் கைகோத்துக் கூடவே இறங்குவார்கள். ஷூ கண்ணுக்கு மறையும் வரை நடந்து, பிறகு கரையேறி, உடுப்பில் நனைந்த உயரத்தை அளவுகோலால் அளப்பார்கள். 'ஷூ அளவு' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. 2021இல் தம் 97வது வயதில் அவர் காலமானார். அவர் இளமையில் கண்ட தெளிவு கடைசிவரை திரும்பவில்லை.

இது விஞ்ஞானம் ஆகாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. செலவழித்த பணம் எவ்வளவு, போட்ட வேலி எவ்வளவு என்று அந்த அளவுகோல் கேட்கவில்லை. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டது.

தணிக்கையின் தீர்ப்பு

2000ஆம் ஆண்டுக் கெடு வந்து போனது. அந்த ஆண்டே 102 உறுதிமொழிகளுடன் இன்னொரு ஒப்பந்தம் வந்தது. இந்த முறை கெடு 2010.

2004 ஜூலையில் வாஷிங்டன் போஸ்ட் ஒரு செய்தி வெளியிட்டது. மாசு கணிசமாகக் குறைந்துவிட்டது என்று அரசு சொல்லிவருவது கணினி மாடலை நம்பித்தான். ஆறுகளில் எடுத்த அளவீடுகளில் அந்த அளவுக்குக் குறைவு தெரியவில்லை என்பது அதன் சாரம். அப்பகுதி செனட்டர்கள் அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்தை விசாரிக்கச் சொன்னார்கள். நம் ஊர் சி.ஏ.ஜி. போல நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அமைப்பு அது.

2005 அக்டோபரில் வந்த அதன் அறிக்கை, நான் படித்த தணிக்கை அறிக்கைகளிலேயே மிகத் தெளிவானவற்றில் ஒன்று. 1995 முதல் 2004 வரை மத்திய அரசும் மாநிலங்களும் நேரடியாகக் கொடுத்த பணம் சுமார் 370 கோடி டாலர். முன்னேற்றத்தை அளக்க 101 அளவுகோல்கள் இருந்தன. அந்த 101ஐயும் சேர்த்து விரிகுடா தேறுகிறதா இல்லையா என்று சொல்ல ஒரு முறை இல்லை. அடுத்ததுதான் முக்கியமானது. 'விரிகுடாவின் நிலை' என்ற பெயரில் வெளிவந்த அறிக்கைகள், தண்ணீரின் ஆரோக்கியத்தையும் அதிகாரிகள் செய்த வேலையையும் ஒன்றாகக் கலந்து எழுதியிருந்தன. அதனால் உண்மையில் இருப்பதைவிட நல்ல சித்திரம் கிடைத்தது. வேலையை நடத்துபவர்களே அறிக்கையையும் எழுதினார்கள்; வெளியார் யாரும் சரிபார்க்கவில்லை.

இதில் யாரும் பொய் எழுதினார்கள் என்று தணிக்கை சொல்லவில்லை. எழுதிய ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு கோப்பு இருந்திருக்கும். வேறு வேறு கேள்விகளுக்கான விடைகளை ஒரே அட்டவணையில் போட்டதுதான் குற்றம். நல்ல செய்தி சொன்னால்தான் அடுத்த ஆண்டு நிதி வரும் என்ற எண்ணம் எந்த நாட்டு அலுவலகத்திலும் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பரிந்துரைகளை ஏற்றுக்கொண்டார்கள். 2006இல் அறிக்கையை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் பாகம் விரிகுடாவின் உடல்நலம். இரண்டாம் பாகம் அதைச் சீராக்கச் செய்த வேலை. பார்க்கச் சின்ன மாற்றம். என் பார்வையில் இந்தச் சரித்திரத்தில் மிகப் பெரிய சீர்திருத்தம் இதுதான். அதற்கு ஒரு டாலர்கூட மானியம் தேவைப்படவில்லை.

கெடுவும் வழக்கும்

2009 மே மாதம் ஜனாதிபதி ஒபாமா விரிகுடாவைத் தேசியப் பொக்கிஷம் என்று அறிவித்து ஆணை பிறப்பித்தார். 2010 டிசம்பர் 29 அன்று சுற்றுச்சூழல் முகமை ஓர் உச்சவரம்பைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு நைட்ரஜன் சுமார் 84,000 டன், பாஸ்பரஸ் சுமார் 5,700 டன். அதற்கு மேல் விரிகுடாவுக்குள் வரக் கூடாது. நைட்ரஜனில் 25 சதவீதம், பாஸ்பரஸில் 24 சதவீதம் குறைக்க வேண்டும். கெடு 2025. ஒவ்வொரு மாநிலமும் திட்டம் எழுத வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும்.

அமெரிக்கப் பண்ணை விவசாயிகளின் பெரிய சங்கமான ஃபார்ம் பியூரோ 2011 ஜனவரியில் வழக்குப் போட்டது. எந்தத் துறை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பங்கு பிரிக்க மத்திய முகமைக்கு அதிகாரம் இல்லை என்பது வாதம். 2013இல் மாவட்ட நீதிமன்றமும் 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வாதத்தை நிராகரித்தன. 2016இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. உச்சவரம்பு நின்றது.

சாக்கடைத் துறை தன் பங்கை முடித்துக் காட்டியது. மேரிலாந்து 2004இலேயே வீட்டுக்கு மாதம் இரண்டரை டாலர் வரி போட்டது. 2012இல் அதை இரட்டிப்பாக்கியது. மக்கள் அதை 'கக்கூஸ் வரி' என்று கேலி செய்தாலும் கட்டினார்கள். அதில் ஒரு பங்கு மூடுபயிர் மானியத்துக்கும் போகிறது. அந்தப் பகுதியின் கழிவுநீர் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து 2025க்கான தங்கள் இலக்கை 2016வாக்கிலேயே எட்டிவிட்டன. குழாய் இருந்தது, அளந்தார்கள், பணம் கொடுத்தார்கள், குறைந்தது. மிச்சம் இருந்ததில் பெரும்பங்கு வயலின் பங்கு.

எண்ணாமல் விட்ட வேலி

விவசாயிகள் தரப்பிலும் ஒரு நியாயமான குறை இருந்தது. அரசின் பட்டியலில் ஏறுவது மானியம் வாங்கிச் செய்த வேலை மட்டும். மானியம் கேட்காமல், தன் கைக்காசில் வேலி போட்ட விவசாயியின் வேலை எந்தக் கணக்கிலும் இல்லை. லங்காஸ்டர் மாவட்டத்தில் ஆமிஷ், மெனனைட் மக்கள் அதிகம். அரசுப் பணத்தை வாங்கத் தயங்குபவர்கள் அவர்களில் பலர். 'நாங்கள் செய்ததை எண்ணாமலே எங்களைக் குற்றம் சொல்கிறீர்கள்' என்பது பென்சில்வேனியாவின் பழைய மனக்குறை.

2016இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் விவசாயிகளிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 6,000க்கும் அதிகமானோர் பதில் எழுதினார்கள். பதில் எழுதியவர்களில் ஒரு பகுதியினரின் பண்ணைக்கு நேரில் போய்ச் சரிபார்த்தார்கள். சொன்னது பெரும்பாலும் உண்மை. கணக்கில் வராத வேலை நிறையவே இருந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2014இல் சரிபார்ப்பு விதிகள் வந்தன. ஒருமுறை போட்ட வேலியை என்றென்றும் கணக்கில் வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆயுள் உண்டு. ஆயுள் முடிந்தால் யாராவது போய்ப் பார்த்து 'இருக்கிறது' என்று எழுத வேண்டும், இல்லாவிட்டால் கணக்கிலிருந்து நீக்கப்படும். பார்த்துவர ஆள் போதாத இடங்களில் நல்ல வேலியும் ஏட்டிலிருந்து மறைந்தது. முன்பு ஏட்டில் இருந்தது நிலத்தில் இல்லாமல் இருந்தது. இப்போது நிலத்தில் இருப்பது ஏட்டில் இல்லை.

வெளியார் பார்க்கலாம் என்றால் அதற்கும் தடை. 1997 கோடையில் மேரிலாந்தின் போக்கமோக் ஆற்றில் புண் பிடித்த மீன்கள் மிதந்து பெரிய பீதி ஏற்பட்டபோது, அடுத்த ஆண்டே உர மேலாண்மைத் திட்டத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. ஆனால் எந்தப் பண்ணையின் திட்டம் என்பது வெளியே தெரியாமல் வைக்க அதே சட்டம் வழி செய்தது. 2008ஆம் ஆண்டு மத்திய வேளாண் சட்டத்தின் 1619ஆம் பிரிவு, வேளாண் துறை தன்னிடமுள்ள தனிப்பட்ட பண்ணை விவரத்தை வெளியிடக் கூடாது என்றது. விவசாயியின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டியதுதான். அதன் விலை, ஒரு மாவட்டத்தின் கூட்டுத்தொகையை நம்பு என்று ஊர் மக்களிடம் சொல்வதுதான்.

நிலத்தடி நீரின் நிதானம்

2023 மே மாதம் செசபீக் திட்டத்தின் அறிவியல் ஆலோசனைக் குழு ஒரு பெரிய மதிப்பீட்டை வெளியிட்டது. 2025 கெடுவுக்கு இரண்டே ஆண்டுகள் இருந்த நேரம். சங்கடமான விஷயங்களை அது சுற்றி வளைக்காமல் சொன்னது. வயலிலிருந்து வரும் சத்தைக் குறைக்கும் வேலை போதுமான அளவு நடக்கவில்லை. நடந்த வேலையும் மாடல் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இதே திட்டங்களுக்கு இன்னும் பணம் போட்டால் மட்டும் இலக்கு வராது. வேலைக்குப் பணம் கொடுப்பதைவிட விளைவுக்குப் பணம் கொடுங்கள், அழுக்கு அதிகம் வரும் இடங்களைத் தேடிப் பிடித்துச் செய்யுங்கள் என்பது அதன் யோசனைகளில் சில.

தாமதத்துக்கு ஒரு காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. ஓடைகளில் ஓடும் நீரில் பாதியளவு நிலத்தடியிலிருந்து ஊறி வருவது. இன்று வயலில் இறங்கும் நைட்ரஜன் ஓடையைச் சேர ஆண்டுகள் ஆகும். டெல்மார்வாவின் மணற்பாங்கான நிலத்தில் 20, 30 ஆண்டுகள்கூட ஆகலாம். அப்படியென்றால் இன்று ஓடையில் அளப்பது, போன தலைமுறை போட்ட எருவை. இன்றைய விவசாயி செய்த நல்ல வேலையின் பலனை அவர் மகன் காலத்தில்தான் அளக்க முடியும். இந்த ஒன்றுக்காகவே மாடலும் வேண்டியிருக்கிறது. ஆனால் 'பலன் பிறகு வரும்' என்பது எல்லாத் தோல்விக்கும் நல்ல சாக்காகவும் ஆகிவிடக்கூடும். உண்மையான தாமதம் எது, சாக்கு எது என்று பிரிக்க ஒரே வழி, ஓடைகளில் விடாமல் அளந்துகொண்டே இருப்பது.

நல்லதும் நடந்திருக்கிறது. நீரடிப் புல்லை ஆண்டுதோறும் விமானத்திலிருந்து படமெடுத்துக் கணக்கிடுகிறார்கள். 2017இல் அது முதன்முறையாக 1,00,000 ஏக்கரைத் தாண்டியது. பிறகு மழை மிகுந்த காலத்தில் குறைந்தது. மக்கள்தொகையும் கோழிகளும் பெருகிய பிறகும் விரிகுடா இன்னும் மோசமாகாமல் இருப்பதே ஒரு சாதனை என்று விஞ்ஞானிகள் சொல்வது நியாயம்தான்.

2025க்கான இலக்கில் நைட்ரஜன் கணக்கு 2023 வரை 60 சதவீதத்தை எட்டவில்லை. 2024 டிசம்பரில் மாநிலத் தலைவர்கள் கூடி, ஒப்பந்தத்தையே திருத்தி எழுதச் சொன்னார்கள். 2000, 2010, 2025 என்று மூன்று கெடுக்கள் கடந்துவிட்டன.

மேலோட்டமாகப் பார்த்தால் இது தோல்விக் கதை. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. முதல் கெடு நெருங்கியபோது அறிக்கைகள் வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் என்றன. தண்ணீர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது கெடு நெருங்கியபோது, எட்ட மாட்டோம், காரணம் இவை என்று திட்டத்தின் சொந்த விஞ்ஞானிகளே முன்கூட்டி எழுதினார்கள். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் அவ்வளவாக மாறவில்லை. அறிக்கை மாறியிருக்கிறது. நோய் இன்னும் இருக்கிறது, ஆனால் ரத்தப் பரிசோதனைச் சீட்டு இப்போது நோயாளியினுடையது. மருத்துவர் எத்தனை ஊசி போட்டார் என்ற கணக்கு இல்லை.

இதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. உண்மை எழுதும் அறிக்கை எழுதியவருக்கு நிதியைக் குறைக்கலாம்; உழைத்த விவசாயியின் மனதை ஒடிக்கலாம்; 'எவ்வளவு கொட்டியும் பயனில்லை' என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கு ஆயுதம் ஆகலாம். ஆனால் சிப்பியும் நண்டும் நம்பி வாழும் மனிதருக்கு வேறு என்ன அறிக்கை உதவும்? அவர் தினமும் காலையில் அந்தத் தண்ணீரில்தான் படகை இறக்குகிறார். தெளிந்துவிட்டது என்று அச்சிட்ட தாளை அவரிடம் காட்டினால், அவர் படகோரமாக எட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகு அரசாங்கம் எழுதும் எதையும் நம்ப மாட்டார், அது உண்மையாகவே இருந்தாலும்.